ஒரு ஆளுக்கு ஒரு பாத்திரம்

மாஸ்டருக்கு நானூறு பேருக்குச் சமைக்கத் தெரியும். முந்நூறு என்றால் கொஞ்சம் யோசிப்பார். நூறு என்றால், "விளையாடறியா?" என்பார். ஒரே ஒரு ஆளுக்கு என்றால் அவருக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

டயர் கம்பெனி கேண்டீனில் அவர்தான் பெரிய சமையல்காரர். சொந்தப் பெயர் என்று ஒன்று சம்பளச் சீட்டில் இருந்ததாகக் கேள்வி. வாசல் காவலாளி முதல் ஜெனரல் மேனேஜர் வரை எல்லாருக்கும் அவர் மாஸ்டர்தான். விடிவதற்கு முன்னால் உள்ளே நுழைவார். நுழைந்ததும் யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்வி: "இன்னிக்கு எத்தனை தலை?" ஷிப்ட் சூப்பர்வைசர் எண்ணிக்கை சொன்ன பிறகுதான் அரிசி மூட்டையின் வாய் அவிழும். தலை தெரியாமல் அடுப்பைப் பற்றவைக்கிறவன் சமையல்காரனே இல்லை என்பது அவர் கட்சி.

கேண்டீனில் இன்னொரு சட்டமும் இருந்தது. சமைத்தது எதுவும் கம்பெனி வாசலைத் தாண்டக் கூடாது. மற்றவர்கள் தூக்குவாளியைத் துண்டில் சுற்றி, வயிற்றுவலிக்காரர்கள் மாதிரி குனிந்தபடி வெளியே போவார்கள். மாஸ்டர் மட்டும் இரண்டு கையையும் வீசிக்கொண்டு போவார். காவலாளி அவரைச் சோதனை போட்டதே இல்லை. அந்தப் பெருமையில் ஒரு சின்ன விஷயம் அவர் கண்ணில் படாமலே போயிற்று. ஊரில் பாதிப் பேர் அவர் கைச் சமையலைச் சாப்பிட்டிருக்கிறார்கள், அவர் மனைவி சாப்பிட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை? அன்றைக்கு அவர் அடுப்பங்கரைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். வேலைக்காரனுக்கும் விடுமுறை வேண்டுமல்லவா.

ஓய்வு பெற்ற அன்று நானூறு பேரும் கையெழுத்துப் போட்ட பெரிய வாழ்த்து அட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் மூன்று பேர் பழக்கதோஷத்தில் 'உப்பு கம்மி' என்று எழுதியிருந்தார்கள்.

அட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டலாம் என்றால் வீட்டில் ஆள் இல்லை. மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்தாள், கடல் தாண்டி. பிரசவத்துக்குத் துணையாக, மூன்றே மூன்று மாதம் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். குழந்தை பிறந்தது. குப்புற விழுந்தது. தவழ்ந்தது. பல் முளைத்தது. ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு தடவை டிக்கெட் தள்ளிப்போனது. இப்போது நடக்கவே ஆரம்பித்துவிட்டது. இவர் வீட்டுத் திசையில்தான் அங்கே யாரும் நடக்கக் காணோம்.

"எப்ப வர்றே?" என்று மாஸ்டர் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

இந்த லட்சணத்தில்தான் கண்ணாடி அடுப்பு வந்து சேர்ந்தது.

காரணம் சின்னதுதான். ஒருநாள் கேஸ் அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு, அணைக்க மறந்து, மாஸ்டர் கடைக்குப் போய்விட்டார். முப்பது வருஷமாக அடுப்பை அணைப்பதற்கென்றே தனியாக ஒரு ஆள் இருந்த பழக்கம். அவர் வீட்டில் கருகல் வாடை என்ற செய்தி மாடிப்படி இறங்கி, தெருவைக் கடந்து, கடலையும் தாண்டி மகள் காதுக்குப் போயிற்று. அடுத்த வாரம் அது அட்டைப்பெட்டியில் அடுப்பாகத் திரும்பி வந்தது. கறுப்பாக, வழவழவென்று, முகம் பார்க்கலாம் போல இருந்தது. கரண்ட்டில் ஓடுவது, தீயும் கிடையாது, புகையும் கிடையாது.

பொருத்த வந்தவர் கேஸ் அடுப்பைக் கழற்றி எடுத்துவிட்டு, இதைப் பொருத்தி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"சார், இது மேல எதையும் இழுக்கக் கூடாது. கீறல் விழும். தூக்கித்தான் வைக்கணும். அடி தட்டையா இருக்கணும். காந்தம் ஒட்டற பாத்திரமா இருக்கணும். உருண்டை அடி வேணாம், அலுமினியம் வேணாம், செம்பு வேணாம், மண்சட்டி வேணாம்."

"அப்ப நான்?" என்றார் மாஸ்டர்.

"நீங்க இருக்கலாம் சார்."

அவர் போனதும் மாஸ்டர் அலமாரியைத் திறந்து பாத்திரங்களை ஒவ்வொன்றாக அடுப்பின் மேல் வைத்துப் பார்த்தார். மரியாதையாகத் தூக்கித்தான் வைத்தார். அடுப்பு ஒவ்வொன்றையும் நிராகரித்தது. ஒரு பீப் சத்தம், ஒரு சிவப்புக் கோடு, அவ்வளவுதான். பெரிய குண்டான் ஆடியது. வாணலி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. கடைசியாக ஒற்றைப்பிடி வைத்த ஒரு சின்ன அலுமினியச் சட்டி. மற்றதெல்லாம் பளபளவென்று இருக்க, அது மட்டும் அடி கறுத்து, உள்ளே கரண்டி பட்டுப் பட்டுத் தேய்ந்து, பிடியின் திருகு ஆடிக்கொண்டிருந்தது. மனைவி இதில் பால் காய்ச்சியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். அதற்கும் பீப்.

அன்றிலிருந்து மின்சாரக் கெட்டிலில் முட்டை வேகவைத்துச் சாப்பிட ஆரம்பித்தார். முட்டை, ரொட்டி. மறுநாள் மாறுதலுக்கு, ரொட்டி, முட்டை.

மூன்றாம் நாள் மகள் போன் செய்தாள். "என்னப்பா, அடுப்பு எப்படி?"

"நல்ல அடுப்பு. துடைக்கிற வேலையே இல்ல."

"நம்ம பழைய பாத்திரம் எதுவுமே வேலைக்கு ஆகாதுப்பா. ஃபிரிட்ஜ்ல காந்த பொம்மை ஒட்டி வச்சிருக்கோம்ல, அதைக் கடைக்கு எடுத்துட்டுப் போங்க. பாத்திரத்தோட அடியில வச்சுப் பாருங்க. கெட்டியாப் பிடிச்சா வாங்குங்க. வழுக்கினா விட்டுடுங்க."

"அம்மா?"

"குழந்தையோட வெளிய போயிருக்காங்கப்பா."

காந்த பொம்மை ஒரு ஆப்பிள். அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மாஸ்டர் மூன்று மாடிப் பாத்திரக் கடைக்குப் போனார். பாத்திரம் என்றால் அவருக்கு இரண்டு ஆள் சேர்ந்து தூக்குவதுதான் பாத்திரம். இங்கே தட்டு தட்டாக அடுக்கியிருந்ததெல்லாம் கேண்டீனில் உப்பு எடுக்கும் அளவுக்குக்கூடக் காணாது. ஒவ்வொன்றையும் கவிழ்த்து, அடியில் ஆப்பிளை ஒட்டிப் பார்த்தார். சில பாத்திரம் கப்பென்று பிடித்தது. சிலதில் ஆப்பிள் நழுவித் தரையில் விழுந்து உருண்டது. அவர் குனிந்து எடுப்பதும், கவிழ்ப்பதும், ஒட்டுவதும், காதருகே வைத்துத் தட்டுவதுமாக இருக்க, பக்கத்தில் கரண்டி பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் தன் பையைத் தோளிலிருந்து எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

கடைப்பெண் வந்தாள். சின்ன வயசு. காலையிலிருந்து நின்ற களைப்பு முகத்தில் தெரிந்தது.

"கண்ணாடி அடுப்புக்கா சார்? ஆப்பிளைப் பையில வைங்க, எல்லாத்துக்கும் அடியில படம் போட்டிருக்கும். இந்தச் சுருள் மாதிரி இருந்தா எடுத்துக்கும்."

"படத்தை நம்பி நான் எதையும் வாங்கினதில்ல."

"சரி, ஒட்டியே பாருங்க. எத்தனை பேருக்கு சார்?"

மாஸ்டரின் கை நின்றது.

முப்பது வருஷமாக அவர் ஊரைக் கேட்ட கேள்வி. முதல் தடவையாக ஊர் அவரைக் கேட்டது.

"எத்தனை பேருக்குன்னா?"

"வீட்ல எத்தனை பேரு சார்?"

"ரெண்டு. ஒருத்தர் இப்ப இங்க இல்ல."

"எப்ப வருவாங்க?"

"வரணும்."

கடைப்பெண் பெரிதாக ஒன்று, சின்னதாக ஒன்று என்று இரண்டு பாத்திரங்களை எடுத்து வைத்தாள்.

"அப்ப எந்த சைஸ் எடுக்கட்டும் சார்?"

"நீயே சொல்லும்மா. நீயா இருந்தா எது வாங்குவே?"

"நான் ஹாஸ்டல் சார். அடுப்பைப் பார்த்தே வருஷம் ஆகுது."

மாஸ்டர் இரண்டு பாத்திரங்களையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு பேருக்கானதை வாங்கி, மனைவி வராமல் போனால், பாதி காலியான பாத்திரம் தினமும் அவர் முகத்தைப் பார்க்கும். ஒரு ஆளுக்கானதை வாங்கி, அவள் நாளைக்கே வந்து நின்றால், "ஓ, என்னைக் கணக்குலயே எடுக்கலையா?" என்பாள். ஒரு சின்னப் பாத்திரம் இவ்வளவு பேசும் என்று அவருக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது. கடைசியில் இருப்பதிலேயே பொடியாக, கைக்குழந்தைக்குத் தொப்பி மாதிரி இருந்த ஒன்றை எடுத்தார். யாராவது கேட்டால் பால் காய்ச்ச என்று சொல்லிவிடலாம். எந்தக் கட்சிக்கும் ஓட்டுப் போடாமல் வெளியே வந்துவிட்டோம் என்று ஒரு நிம்மதி.

வீட்டுக்கு வந்து, தண்ணீர் ஊற்றி, தூக்கி வைத்தார். பீப். சிவப்புக் கோடு. ஆப்பிளை ஒட்டிப் பார்த்தார். கெட்டியாகத்தான் பிடித்தது. பாத்திரத்தைச் சின்ன வட்டத்துக்கு மாற்றினார், நடுவில் வைத்தார், மேலே கையை வைத்து அமுக்கினார், லேசாகத் திட்டியும் பார்த்தார். பீப்.

மகளுக்குப் போன் போட்டார்.

"அடி ரொம்பச் சின்னதா இருக்கா? அப்ப பத்தாதுப்பா. சின்னதா ஏதாவது வச்சா அது பாத்திரம்னு எடுத்துக்காது. யாரோ ஸ்பூனை மறந்து வச்சுட்டாங்கன்னு நினைச்சு ஆஃப் ஆயிடும். நல்லதுக்குத்தான்."

நல்லதுக்குத்தான். அந்த அடுப்பை யோசித்து யோசித்துச் செய்தவர்கள் பெரிய குடும்பஸ்தர்களாக இருக்க வேண்டும். தனியாக ஒரு ஆள் வந்து பொடிப் பாத்திரத்தை வைப்பான் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. யாரோ மறந்துபோன கரண்டி என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

மறுநாள் அதே கடை. அதே பெண்.

"இது வேணாம்மா. அடுப்பு இதை மனுஷனாவே மதிக்கல."

"நேத்தே சொல்லியிருப்பேன் சார், நீங்களா எடுத்துட்டுப் போயிட்டீங்க. அடி உள்ளங்கை அகலமாவது இருக்கணும்." அவள் இரண்டு பாத்திரங்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். ஒன்று ஆழமானது, இரண்டு பக்கமும் காது வைத்தது. இன்னொன்று அகலமாக, உயரம் குறைவாக, ஒற்றைப்பிடி வைத்தது. "ரெண்டுமே உங்க அடுப்பு எடுத்துக்கும். ரெண்டு பேருக்குன்னா இது, ஒரு ஆளுக்குன்னா இது. இன்னிக்காவது சொல்லுங்க, எத்தனை பேரு?"

"இரு, கேட்டுச் சொல்றேன்."

போனை எடுத்து மனைவிக்கு வீடியோ போட்டார். எடுத்ததும் ஒரு பெரிய சாப்பாட்டு மேசை தெரிந்தது. மகள், மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, உயர நாற்காலியில் குழந்தை, நடுவில் அவர் மனைவி. அங்கே ராத்திரிச் சாப்பாட்டு நேரம். எல்லாரும் கை ஆட்டினார்கள். மாஸ்டரும் ஆட்டினார்.

"என்னங்க, எங்க இருக்கீங்க? பின்னாடி ஒரே பாத்திரமா இருக்கு. மறுபடியும் வேலைக்குப் போயிட்டீங்களா?"

மேசையில் எல்லாரும் சிரித்தார்கள்.

"உன் பொண்ணு கொடுத்த அடுப்புக்குத்தான் தேடறேன். இதோ பாரு. பெரிசு வாங்கவா, சின்னது வாங்கவா?"

"உங்களுக்கு எது வசதியோ அதை வாங்குங்க."

"வசதி இருக்கட்டும். இது ரெண்டு பேருக்கு, இது ஒரு ஆளுக்கு. எதுன்னு நீ சொல்லு."

சிரிப்பு நின்றது. போன் ஆடியது, கூரை தெரிந்தது, கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு படுக்கையறை, அதில் அவள் முகம் மட்டும்.

"ஒரு ஆளுக்கு வாங்குங்க," என்றாள்.

கடைப்பெண் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே சரியாக இருந்த மூடிகளை எடுத்து மறுபடி அடுக்க ஆரம்பித்தாள்.

"குழந்தை ஸ்கூலுக்குப் போற வரைக்கும் இங்கயே இருக்கலாம்னு இருக்கேங்க."

"பொண்ணு சொல்லச் சொன்னாளா?"

"அவ டிக்கெட் போடட்டுமா, போடட்டுமான்னு கேட்டுட்டே இருக்கா. நான்தான் பொறுடீன்னேன்."

மாஸ்டர் தலையை ஆட்டினார். கேண்டீனில் ஐம்பது தலை குறைகிறது என்று கடைசி நிமிஷத்தில் வந்து சொன்னால் இப்படித்தான் ஆட்டுவார். அங்கே குறைந்தது ஐம்பது. இங்கே பாதிக்குப் பாதி.

அவளே மறுபடி பேச ஆரம்பித்தாள். குரலில் ஒரு அவசரம், சமாதானம் செய்கிற அவசரம்.

"அந்த அகலமானதை எடுங்க. ஆழமானது வேணாம். ஒரு ஆளுக்கு ஆழமாச் சமைச்சா எல்லாம் அடியிலயே கிடந்து தீயும். மூடி கண்ணாடியா?"

"கண்ணாடிதான்."

"நல்லது. கொதிக்கறதைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தா கொஞ்சம் பொழுது போகும். ஒத்தைப்பிடி இருக்கில்ல? அதான் கைக்கு அடக்கம். இடது கையில பிடிச்சுக்கிட்டு அப்படியே சாப்பிட்டுரலாம்."

"சட்டியிலேர்ந்தேவா?"

"தனியா இருக்கப்ப தட்டு எடுக்கத் தோணாதுங்க. ஒருத்திக்காக எதுக்கு ரெண்டு சாமான் கழுவணும்? நின்னுக்கிட்டே சாப்பிட்டா இன்னும் சீக்கிரம் முடிஞ்சிரும். ஜன்னல் பக்கமா நில்லுங்க, தெருவுல யாராவது போவாங்க வருவாங்க."

அவள் பாத்திரத்தைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். குரலில் கோபம் துளிகூட இல்லை. எந்தக் கடையில் துணி நல்லா இருக்கும் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள். மாஸ்டருக்குத்தான் அந்தக் கறுத்த ஒற்றைப்பிடிச் சட்டி கண்முன்னால் வந்து நின்றது. உள்ளே அத்தனை தேய்மானம். பாலுக்குக் கரண்டி எதற்கு?

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். தெரிந்தேதான் கேட்டார்.

"நல்லாக் கேட்டீங்க. பொண்ணு படிக்கன்னு ஹாஸ்டல் போனதுலேர்ந்து வீட்ல வேற யாரு இருந்தா? நீங்க அங்க ஊருக்கே ஆக்கிப் போட்டுட்டு, சாப்பிட்டுட்டு, வந்து படுப்பீங்க. நான் எனக்கு ஆக்கிக்குவேன். பழகிருச்சு. இங்க வந்தப்புறம்தான் தெரியுது, நான் ரொம்ப மெதுவாச் சாப்பிடற ஆளுன்னு. அஞ்சு பேரு உக்காந்து, கதை பேசிப் பேசி, கை காய்ஞ்சு போயிருதுங்க."

மாஸ்டர் ஏதாவது சொல்லியாக வேண்டும். மன்னிப்பு கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. கேண்டீனில் குழம்பு தீய்ந்தால்கூட அடுத்த வேளைக்கு ஒரு இனிப்பு சேர்த்துப் போட்டு ஈடுகட்டுவாரே தவிர, வாயைத் திறக்க மாட்டார். இப்போதும் அதே வழியில்தான் போனார்.

"கேளு. இந்தக் கடையில ஆறு பேருக்குன்னு ஒரு பாத்திரம் இருக்கு. கெட்டி அடி, நல்ல கனம். உங்க அடுப்பும் கண்ணாடி அடுப்புதானே? அதை வாங்கிட்டு நானே அங்க வந்துடவா? தினமும் நான் சமைக்கறேன். நீ உக்காந்து சாப்பிடு."

அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசுவதை அவள் கேட்டதில்லை. சிரித்தாள். நல்ல சிரிப்பு, கிண்டல் இல்லாதது. பிறகு அந்தச் சிரிப்பு மெல்ல நின்றது.

"இங்க எல்லாம் இருக்குங்க," என்றாள்.

"பாத்திரத்தைச் சொல்றியா?"

"மாப்பிள்ளைதான் சமைக்கறாரு. அவருக்கு அது பிடிச்சிருக்கு. ரூம்ல நானும் குழந்தையும்தான். எல்லாம் ஒரு கணக்கா அமைஞ்சு போயிருச்சு. நீங்க ஒரு வாரம், பத்து நாள் வந்து பார்த்துட்டுப் போங்க. வேணாம்னா சொல்றேன்?"

"பத்து நாள்."

"ஆமா. குழந்தையும் உங்களைப் பார்த்த மாதிரி இருக்கும்."

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ "அம்மா!" என்று கூப்பிட்டார்கள்.

"போகணுங்க. நான் போய் உக்காராம யாரும் சாப்பாட்டுல கை வைக்க மாட்டாங்க. எல்லாம் ஆறிப்போகும்." அவள் அதைக் குறையாகத்தான் சொன்னாள், ஆனால் முகம் மலர்ந்திருந்தது. அந்த முகத்தை மாஸ்டர் எப்போது கடைசியாகப் பார்த்தார் என்று அவருக்கே நினைவில்லை. "அகலமானது. மறந்துடாதீங்க."

"போ, போ. ஆறிடும்."

போனைப் பையில் வைத்தார். ஆழமான பாத்திரத்தை அது இருந்த தட்டிலேயே கொண்டுபோய் வைத்தார், இழுக்காமல், தூக்கி. கடைப்பெண் மூடிகளை விட்டுவிட்டு வந்தாள். எல்லாம் கேட்டிருந்தாள். ஆனால் கடையில் நிற்கிறவர்களுக்குக் கேட்காத மாதிரி நிற்கவும் பழகிவிடும்.

"ஒரு ஆளுக்குத்தானே சார்?"

"ஒரு ஆளுக்குத்தான்."

"அட்டையில சுத்தித் தரேன். எங்கயும் மோதாமப் போகும்."

வீட்டில் அடுப்பு அதை முதல் தடவையிலேயே ஏற்றுக்கொண்டது. பீப் இல்லை, கோடு இல்லை. வட்டத்தின் விளிம்புக்கும் பாத்திரத்தின் அடிக்கும் நூல் பிடித்த மாதிரி பொருத்தம். மாஸ்டர் அரிசி டப்பாவுக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார், போட்டார், இன்னொரு பிடி அள்ளினார், அதில் பாதியைத் திரும்ப டப்பாவிலேயே விட்டார். கொஞ்சம் பருப்பு, ஒரு உருளைக்கிழங்கு, உப்பு. மூடியைப் போட்டுவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்து எதிரே உட்கார்ந்தார். கண்ணாடிக்குள் முதலில் ஒரு குமிழ் எழும்பியது. பிறகு ஓரத்தில் இரண்டு. பிறகு எண்ண முடியவில்லை. அவள் சொன்னது சரிதான், கொஞ்சம் பொழுது போயிற்று.

தட்டு ஒன்றை எடுத்து வைத்தார். வெந்ததும் பாத்திரத்தைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். தட்டை அலமாரியில் திரும்ப வைத்துவிட்டு, பிடியை இடது கையில் பிடித்துக்கொண்டு ஜன்னலோரமாகப் போய் நின்றார். அளவு சரியாக இருந்தது, ஒரு பருக்கை மிச்சமில்லை. தெருவில் ஒரு ஆள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். ஒரு அம்மாள் குடையை மடக்கினாள். பிறகு யாரும் வரவில்லை.

பாத்திரத்தைக் கழுவினார். மூடியைக் கழுவினார். கரண்டியைக் கழுவினார். அடுப்பு தொட்டால் சுடாத அளவுக்கு ஆறும்வரை நின்று, பிறகு முகம் தெரிகிற மாதிரி துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் வெளியே வெயில் நன்றாகவே இருந்தது. ராத்திரிக்கு என்ன சமைக்கலாம் என்று யோசிக்க அவருக்கு ஒரு முழு மத்தியானம் இருந்தது.